பட்டு நூற்ற எதெல் அம்மையார்

கலாயோகி ஆனந்த குமாரசுவாமியின் பெயரைக் கேள்வியுறாத தமிழாசிரியர் நம் நாட்டில் இலர். ஈழத்துக் கைவினைகளைப் பற்றி அவர் எழுதிய பெருநூலையும் பலர் அறிவர். ஆனால், அந்நூலுக்காகக் கண்டி நாட்டு ஊர்களில் ஒளிப்படக் கருவியோடு திரிந்து, தறியையும் தையலையும் குறித்து வைத்து, பின்னர்த் தம் தாயகம் சென்று தாமே நூற்றும் நெய்தும் இங்கிலாந்தின் கைநெசவுக்கு மறுவாழ்வு தந்த அம்மையார் ஒருவரின் பெயர், இங்கே ஓர் அடிக்குறிப்பாகவே நின்றுவிட்டது. மேனாட்டு நெசவுலகில் அவர் எதெல் மேரே என்று அறியப்படுகிறார். நம்மிடம் வாழ்ந்தபோது அவர் எதெல் குமாரசுவாமி.

அட்டாளைச்சேனையில் இருந்துகொண்டு ஓர் ஆங்கில மாதின் வரலாற்றை எழுதப் புகுவதற்கு எனக்குக் காரணம் உண்டு. 1941இல் ஆசிரியர் கலாசாலை தோன்றிய ஊர் இது. கரைவழியே வடக்கு நோக்கிச் சென்றால் ஒலுவில், நிந்தவூர், சாய்ந்தமருது, கல்முனை ஆகிய ஊர்களைக் கடந்து மருதமுனை வரும். அது கைத்தறிக்குப் பெயர்பெற்ற ஊர். ஆசிரியமும் நெசவும் அடுத்தடுத்து வாழும் இக்கரையில் பிறந்தவனுக்கு, அவ்விரண்டையும் ஒரே வாழ்வில் இணைத்துக் காட்டிய ஒருவரின் கதை அயலார் கதையாகத் தோன்றவில்லை. துணியின் உயிர் தறியில் பிறப்பதன்று, நூற்கும் கையிலே பிறப்பது என்பதே அவர் வாழ்விலிருந்து நான் கற்ற பாடம். அதனை ஆசிரியர்களும் மாணவர்களும் அறிதல் நலம் என்று கருதியே இதனை எழுதுகிறேன்.

இளமையும் இல்லறமும்

எதெல் மேரி பார்ட்ரிட்ஜ் 1872ஆம் ஆண்டு பெப்ரவரி 17ஆம் நாள், இங்கிலாந்தின் தென்மேற்கில் டெவன் மாவட்டத்தைச் சேர்ந்த பார்ன்ஸ்டபிள் என்னும் பட்டினத்தில் பிறந்தார். தந்தையார் மருந்து வணிகர். பிற்காலத்தில் வேரையும் பட்டையையும் இலையையும் கொதிக்க வைத்துச் சாயம் கண்ட மகளுக்கு, மருந்துக் கடையின் மணம் இளமையிலேயே பழகியிருக்க வேண்டும் என்று நினைக்கத் தோன்றுகிறது. தம்பி பிரெட் பார்ட்ரிட்ஜ் நகைத்தொழில் பயின்று, சி. ஆர். ஆஷ்பி நிறுவிய கைவினைஞர் கழகத்தில் சேர்ந்தார். எதெலோ இசையை நாடினார். இலண்டன் அரச இசைக் கலைக்கழகத்திலே பியானோ பயின்று 1899இல் தேர்ச்சி பெற்றார். பின்னர் இலண்டனிலும் ஜெர்மனியின் பொன் நகரிலும் செல்வர் வீட்டுப் பிள்ளைகளுக்குக் கல்வி கற்பிக்கும் பணியில் அமர்ந்தார். ஆகவே, தறியைத் தொடுமுன்னரே அவர் ஆசிரியை. இதனை நாம் மறத்தலாகாது.

1902இல் அவர் ஆனந்த குமாரசுவாமியை மணந்தார். குமாரசுவாமி அப்போது கலைஞானி அல்லர். நிலவியல் கற்ற இளம் விஞ்ஞானி. 1903 முதல் 1906 வரை இலங்கைக் கனிப்பொருள் ஆய்வுத் திணைக்களத்தின் பணிப்பாளராக அவர் இருந்தார். கல்லையும் மணலையும் தேடி ஊரூராகச் சென்ற கணவரோடு மனைவியும் சென்றார். கல்லைத் தேடிச் சென்ற இருவரும் கண்டுகொண்டவை கொல்லனின் பட்டறையும், ஓவியன் தீட்டிய விகாரைச் சுவரும், நெசவாளியின் தறியுமே. மேனாட்டு ஆலைப்பொருள்கள் வந்து குவிந்தமையால் அக்கலைகள் வழக்கொழிந்து வருவதை அவர்கள் நேரிற் கண்டனர். 1905இல் குமாரசுவாமி இலங்கைச் சமூகச் சீர்திருத்தச் சங்கத்தைத் தோற்றுவித்தது இவ்வனுபவத்தின் விளைவேயாகும்.

கண்டி நாட்டில் கண்டவை

கணவர் எழுத, மனைவி படம் பிடித்தார். அந்நூலில் இடம்பெற்ற ஒளிப்படங்களுள் பெரும்பாலானவை எதெல் அம்மையார் எடுத்தவை. கண்டிய மகளிரின் பூத்தையல் வேலையை ஆராய்ந்து அவர் தாமே எழுதியுமுள்ளார். ஆடவர் நுழைய இயலாத வீட்டின் உட்புறத்திற்கு அவர் சென்றார். ஊசியின் போக்கையும் இழையின் முறுக்கையும் பக்கத்திலிருந்து பார்த்தார்.

கண்டி நாட்டிலே உடதும்பறைப் பகுதியிலுள்ள தலகுனே என்னும் ஊர் அக்காலத்தில் பழைய முறை நெசவு எஞ்சியிருந்த ஊர்களுள் ஒன்று. நெசவுக்கு வேண்டிய பருத்தி முன்பு சேனைப் பயிராக விளைந்தது. சேனை என்னும் சொல் எம் ஊர்ப்பெயரிலேயே இருப்பதால் அதனை இங்கு எவருக்கும் விளக்க வேண்டியதில்லை. அப்பருத்தியைக் கொட்டை நீக்கி, வில்லால் அடித்து, இராட்டையில் நூற்றவர்கள் பெண்கள். நெய்தவர்கள் ஆடவர்கள். சந்தைக்கு ஆலைநூல் வந்ததும் முதலில் ஓய்ந்தது தறியன்று, இராட்டை. நெய்பவன் ஆலைநூலை வாங்கி இன்னும் சில காலம் நெய்யலாம். நூற்பவளுக்கோ அன்றோடு வேலை முடிந்தது. ஒரு கைவினை அழியும்போது அதன் வேர் முதலில் அறுகிறது, கிளை பின்னரே உலர்கிறது என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டா.

1907இல் இருவரும் இங்கிலாந்து திரும்பி, சிப்பிங் காம்ப்டனுக்கு அருகே ஆஷ்பி புதுப்பித்துக் கொடுத்த பழைய நோர்மன் ஆலயக் கட்டடத்தில் குடியேறினர். மத்தியகாலச் சிங்களக் கலையைப் பற்றிய அந்நூல் அங்கே அச்சாகியது. வில்லியம் மொரிஸ் பயன்படுத்திய கையச்சுப் பொறியிலேயே, 1907 செப்டெம்பர் முதல் 1908 டிசெம்பர் வரை பதினைந்து மாதங்கள் உழைத்து, 425 படிகள் மட்டும் அச்சிட்டனர். கைவினையைப் புகழும் நூல் கைவினையாகவே வெளிவந்தது.

இங்கேதான் எதெலின் வாழ்வு திரும்புகிறது. ஏட்டிலே பதிவாகிவிட்டதனால் ஒரு கலை பிழைத்துவிடுமா? படத்திலே தறி இருக்கலாம். அதன் மிதியை எந்த வேளையில் மிதிப்பது, இழை அறுந்தால் எப்படி முடிவது என்பதைப் படம் சொல்லுமா? இவ்வினாக்களை அவர் எங்கேனும் இவ்வாறே எழுதிவைத்தார் என்று நான் கூறவில்லை. அவர் பின்னர்ச் செய்த செயல்களே இவ்வினாக்களுக்கு விடையாக அமைந்தன. குமாரசுவாமி கலைத் தத்துவத்தின் வழியே சென்றார். எதெல் கையின் வழியே சென்றார். சில ஆண்டுகளில் அவர்களது இல்லறமும் முறிந்தது. அதனைப் பற்றி மிகுதியாகப் பேசுவது நமக்கு அழகன்று. 1913இல் எதெல், குமாரசுவாமியின் நட்பு வட்டத்தைச் சேர்ந்த வரைகலைஞர் பிலிப் மேரேயை மணந்தார். அதற்குள்ளாகவே அவர் நூற்கவும் சாயமிடவும் நெய்யவும் தொடங்கியிருந்தார். வயது நாற்பதை எட்டியிருந்தது. இசை கற்ற விரல்கள் இழை கற்கத் தொடங்கின.

நூலாத நூலும் நூற்ற நூலும்

அவர் கற்ற தொழிலின் அருமையை உணர, பட்டின் இயல்பைச் சிறிது அறிதல் வேண்டும். பழந்தமிழர் பட்டாடையை நூலாக் கலிங்கம் என்றனர். நூற்கப்படாத ஆடை என்பது அதன் பொருள். எத்துணை நுட்பமான பெயர்! பருத்தியில் சிறு சிறு நார்களே உள்ளன. அவற்றை இழுத்து முறுக்கினாலன்றி இழை உண்டாகாது. பட்டுப்புழுவோ தன் கூட்டை அறுபடாத ஒரே இழையால் கட்டுகிறது. முசுக்கட்டை இலை தின்னும் புழுவின் ஒரு கூட்டிலே 600 முதல் 1,500 மீற்றர் வரை இழை இருக்கும். கூட்டை வெந்நீரில் இட்டு நுனியைக் கண்டுபிடித்து, பல கூடுகளின் இழைகளைச் சேர்த்துச் சுற்றி எடுத்தால் பட்டுநூல் கிடைத்துவிடும். இது நூற்றல் அன்று, அவிழ்த்தல். பருத்தி நூற்றலை நன்கறிந்திருந்த மக்களே இப்பெயரைச் சூட்டியிருத்தல் கூடும். நன்னூற் பாயிரமும் சொல்லைப் பஞ்சாகவும், புலவனை நூற்கும் பெண்ணாகவும், அறிவைக் கதிராகவும் உருவகித்தே நூல் என்னும் சொல்லுக்கு விளக்கம் தருகிறது. புத்தகத்தை நூல் என்றும் பனுவல் என்றும் அழைக்கும் மொழி நம்முடையது.

ஆனால் எல்லாப் பட்டும் அவிழ்க்கத்தக்கதன்று. அந்துப்பூச்சி துளைத்து வெளியேறிய கூடு, கூட்டின் மேற்புறத்துச் சிக்கல் நார், அடியில் எஞ்சும் மெல்லிய தோல் ஆகியன அவிழா. அசாமிலே ஆமணக்கு இலையைத் தின்று வளரும் எரிப் புழுவின் கூடோ இயல்பிலேயே ஒரு முனையில் திறந்திருப்பது. அதன் இழை தொடர்ச்சியற்றது. அப்பூச்சியைக் கொல்லாமலே கூட்டைப் பெறலாம் என்பதும் அதன் சிறப்பு. இத்தகைய பட்டைப் பருத்தி போல நூற்றுத்தான் ஆகவேண்டும். அசாமியப் பெண்கள் அதனைத் தக்கிளியில் நூற்று வந்தனர். இந்த எரிப் பட்டே எதெல் அம்மையாரின் தறிக்கு உகந்த நூல்களுள் ஒன்றாயிற்று.

அதனைக் கையால் நூற்கும் வகை இது. கூடுகளைத் துணியிற் கட்டிச் சவர்க்காரமும் சிறிது சோடாவும் கரைத்த நீரிலே கொதிக்க வைப்பர். புழு பூசிய பசை கரைந்து போகும். எடையும் அதனோடு ஓரளவு குறைந்துவிடும். எஞ்சிய நாரை அலசி, ஈரத்தோடு ஒவ்வொரு கூடாக விரித்து, தொப்பியின்மேல் தொப்பி கவிழ்ப்பது போல அடுக்கி உலர்த்துவர். உலர்ந்த அடுக்கிலிருந்து ஒரு படலத்தைப் பிரித்து நடுவில் விரலாற் துளைத்து, வளையமாக இழுத்து நீட்டித் திரியாக்குவர். அதன் பின்னரே தக்கிளி சுழலும். பஞ்சு நூற்பவரின் கைகள் நெருங்கியிருக்கும். பட்டு நூற்பவரின் கைகள் விலகியிருத்தல் வேண்டும். நார் நீளமானதாதலின், நெருங்கிப் பிடித்தால் இரு கைகளும் ஒரே நாரின் இரு முனைகளைப் பற்றி நிற்கும், இழை அசையாது. கை சொரசொரப்பாக இருந்தால் நார் தோலிலே ஒட்டிக்கொள்ளும். வலிந்து இழுத்தால் நூல் முடிச்சிடும். அஞ்சி இழுத்தால் தடித்துப் போகும். ஒரு சிட்டம் நூலைப் பார்த்து, அதனை நூற்றவர் அன்று பொறுமையோடு இருந்தாரா இல்லையா என்று சொல்லிவிடலாம்.

நூல் எதற்கு என்பதும் நூற்பவர் மனத்தில் இருத்தல் வேண்டும். பாவுக்குரிய இழை தறியின் இழுவையைத் தாங்க வேண்டுமாதலின் முறுக்கு மிகுந்திருக்கும். ஊசிப் பின்னலுக்குரிய நூலோ மென்மையாய் உருண்டு திரண்டிருத்தல் வேண்டும். ஒற்றை இழையால் பின்னினால் துணி ஒரு பக்கமாகச் சாயும். ஆகவே இரண்டு மூன்று இழைகளை எதிர்த்திசையில் முறுக்கி இருபுரியாகவோ முப்புரியாகவோ ஆக்குவர். பட்டுக்குக் கம்பளியைப் போலச் சுருங்கி மீளும் குணம் குறைவு. பட்டு மட்டும் கொண்டு பின்னிய மேலாடை நாளடைவில் தொங்கிவிடும். அதனால் சிலர் நூற்கும்போதே கம்பளியைக் கலப்பர். கலந்து செய்தல் இழிவன்று என்பதை எம்மவரும் அறிவர். தூய பட்டை ஆடவர் அணியலாகாது என்னும் மார்க்க நெறியைப் பேணுவதற்காகவே, வெளிப்புறம் பட்டும் உடலைத் தொடும் புறம் பருத்தியுமாக மஷ்ரு என்னும் துணியை இந்திய நெசவாளர்கள் நெய்து வந்தனர். கட்டுப்பாடு ஒன்று புதியதொரு நெசவையே பிறப்பித்தது.

ஆலையும் கையும்

கழிவுப் பட்டை நூற்கும் கலையை இயந்திரமும் அதற்குள் கற்றுக்கொண்டிருந்தது. பிராட்போர்ட் நகரத்து ஆலையதிபர் சாமுவேல் கன்லிஃப் லிஸ்டர் (1815–1906), 1855ஆம் ஆண்டளவில் இலண்டன் பண்டகசாலை ஒன்றில் யாரும் சீந்தாமற் கிடந்த பட்டுக் கழிவைக் கண்டு, அதனை அற்ப விலைக்கு வாங்கினார். அதனைச் சீவி நூற்கும் பொறியை அமைப்பதற்குள் ஏறத்தாழ 3,60,000 பவுணை இழந்தார் என்பர். பின்னர் இழந்ததனைப் பன்மடங்காகப் பெற்றார். 1873இல் எழுந்த அவரது மானிங்காம் ஆலை உலகின் மாபெரும் பட்டாலைகளுள் ஒன்றாயிற்று. ஆனால் 1890 டிசெம்பரில் அவ்வாலையில் கூலி குறைக்கப்பட்டபோது தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தனர். 1891 ஏப்ரில் வரை நீடித்த அப்போராட்டம் தோல்வியுற்றது. எனினும் 1893இல் பிராட்போர்டிலேயே சுதந்திரத் தொழிற்கட்சி பிறப்பதற்கு அது வித்தாயிற்று. குப்பையிற் கிடந்த பட்டை மாளிகைக்கு ஏற்றிய அறிவை நாம் வியக்கலாம். அவ்வறிவினால் நூற்றவர் வாழ்ந்தாரா என்ற வினாவையும் கேட்கத்தான் வேண்டும்.

எதெல் அம்மையார் கைநூற்பைத் தொடங்கியது இத்தகைய இங்கிலாந்தில். இயந்திரம் நாளொன்றுக்கு நூற்பதனைக் கையால் ஆண்டொன்றுக்கும் நூற்க இயலாது என்பதை அவர் அறியாதவரல்லர். ஆலைநூல் ஒரே சீராக இருக்கும். அதுவே அதன் வலிமையும் குறைபாடும் ஆகும். கைநூலிலே சிறு ஏற்றத்தாழ்வு உண்டு. அத்தகைய நூலால் நெய்த துணியில் ஒளி ஓரிடத்திற்போல் மற்றோரிடத்தில் விழாது. சாயமும் ஒரே மட்டமாக ஏறாது. அந்த உயிர்ப்பையே அவர் நாடினார்.

1916இல் இயற்கைச் சாயங்களைப் பற்றிய அவரது நூலை ஹிலாரி பெப்லர் அச்சிட்டு வெளியிட்டார். அவுரி, மஞ்சிட்டி இனம், கற்பாசி முதலியவற்றிலிருந்து சாயம் இறக்கும் முறைகளையும், படிகாரம், இரும்பு முதலியவற்றால் அதனை இழையிற் பற்றச் செய்யும் முறைகளையும் செய்முறைக் குறிப்புகளாகவே அது தொகுத்தளித்தது. பலமுறை அச்சாகி, தலைமுறைதோறும் சாயமிடுவோர்க்குக் கைந்நூலாயிற்று. சாயவேருக்கு ஒருகாலத்தில் பெயர்பெற்றிருந்த மன்னாரையும் யாழ்ப்பாணத்தையும் உடைய நம் நாட்டில், அத்தகைய நூலொன்று அக்காலத்திலேயே தமிழில் எழுந்திருத்தல் வேண்டும் என்ற ஏக்கம் எனக்கு உண்டு.

டிச்லிங்கிலே ஒரு பட்டறை

முதல் உலகப்போர்க் காலத்திலே மேரே குடும்பம் சசெக்ஸ் மாவட்டத்து டிச்லிங் என்னும் சிற்றூரை அடைந்தது. சிற்பி எரிக் கில், அச்சாளர் பெப்லர் முதலிய கைவினைஞர்கள் வாழ்ந்த ஊர் அது. அங்கே கொஸ்பல்ஸ் என்ற பெயரில் எதெல் அம்மையார் அமைத்த வீடும் பட்டறையும் முப்பது ஆண்டுகளுக்கு மேலாகக் கைநெசவின் பள்ளியாக விளங்கின. ஊர்ப் பெண்கள் அங்கே நூற்றனர். தொலைவிலிருந்து மாணவியர் வந்து தங்கிக் கற்றனர். எலிசபெத் பீகொக், ஹிலாரி போர்ன், மரியான் ஸ்ட்ரௌப், பீட்டர் கொலிங்வுட் முதலாகப் பின்னாளில் பெயர்பெற்ற நெசவாளர் பலர் அப்பட்டறையின் வழிவந்தவர்கள். ஜப்பானியக் குயக்கலைஞர் ஹமாதா ஷோஜி, 1920க்கும் 1923க்கும் இடையில் இங்கிலாந்தில் வாழ்ந்தபோது டிச்லிங் வந்து அவரது இல்லத்தைக் கண்டார். நாட்டுப்புறத்தில் வாழ்ந்துகொண்டே உயர்ந்த கலையைப் படைக்கலாம் என்ற எண்ணம் அவருக்கு அங்கே உறுதிப்பட்டது என்பர். ஈழத்துக் கிராமத்திலே தொடங்கிய பார்வை டிச்லிங் வழியாக ஜப்பான் வரை சென்றது.

இதே காலத்தில் இராட்டையை வேறொரு நோக்கோடு கையிலெடுத்தவர் காந்தியடிகள். 1927 நவம்பரில் அவர் இலங்கைக்கு வந்து, கொழும்பிலும் கண்டியிலும் யாழ்ப்பாணத்திலும் பேசிக் கதருக்காக நிதி திரட்டினார். அதே ஆண்டுகளில்தான் எதெலும் பிலிப்பும் இலண்டனில் கைவினைஞர்க்கான காட்சிக்கூடமொன்றைத் தொடங்கிச் சிறு வெளியீடுகளையும் பரப்பினர். காந்தியடிகளுக்கு நூற்றல் என்பது பசித்தவனுக்கு வேலையும் அடிமைப்பட்ட நாட்டுக்கு மானமும் ஆகும். எதெலுக்கு அது துணியின் தரம் பற்றிய வினா. இரண்டையும் ஒன்றென்று கூறுதல் பொருந்தாது. எனினும், நூலை இழந்தவன் தறியையும் இழப்பான் என்ற உண்மையை இருவரும் வெவ்வேறு வாயில்களின் வழியே கண்டனர்.

குறைகளையும் மறைத்தல் ஆகாது. கொஸ்பல்ஸில் நெய்த துணி எளியவர் வாங்கத்தக்க விலையில் இல்லை. தொழிலிலே அம்மையார் மிகக் கண்டிப்பானவர். அவரிடம் பணிபுரிதல் எல்லார்க்கும் எளிதாக இருக்கவில்லை. ஆனால் தம் கருத்தைத் தாமே மறுபரிசீலனை செய்யும் துணிவு அவருக்கு இருந்தது. 1930களில் ஸ்கண்டிநேவிய நாடுகள் முதலிய இடங்களுக்குச் சென்று, அங்கே கைத்தறியும் ஆலையும் ஒன்றையொன்று பகைக்காமல் வளர்வதைக் கண்டார். சுவிட்சர்லாந்தைச் சேர்ந்த மரியான் ஸ்ட்ரௌப், பிராட்போர்ட் தொழில்நுட்பக் கல்லூரியில் விசைத்தறியைக் கற்றபின் டிச்லிங் வந்து, கைநூற்பையும் சாயமிடலையும் அம்மையாரிடம் பயின்றார். அக்கல்வியோடு வேல்ஸ் நாட்டுக் கம்பளி ஆலைகளுக்குச் சென்று அவற்றின் துணிகளுக்குப் புதுப்பொலிவு தந்தார். லிஸ்டரின் நகரத்தில் இயந்திரம் கற்ற கை, இராட்டையையும் கற்ற பின்னரே முழுமை பெற்றது. கைத்தறி ஆலைக்குப் போட்டியன்று, அதற்கு வழிகாட்டும் ஆய்வுகூடம் என்பதே எதெல் அம்மையாரின் முதிர்ந்த கொள்கை. அவர் ஆலைநூலையும் தொட்டார். அந்நாளைய புதிய செயற்கை இழைகளையும் தறியில் ஏற்றிப் பார்த்தார். 1937இல் இங்கிலாந்தின் அரச கலைக்கழகம் தொழில்துறைக்கான அரச வடிவமைப்பாளர் என்னும் சிறப்பை அவருக்கு வழங்கியது. அச்சிறப்பைப் பெற்ற முதற் பெண்மணி அவரே.

ஆசிரியருக்கு அவர் விட்டுச்சென்றது

1939இல் கைநெசவின் மரபையும் மாற்றத்தையும் ஆராயும் நூலொன்றை அவர் வெளியிட்டார். அவ்வாண்டே போர் மூண்டது. போர்க்காலத்திலே பிரைட்டன் கலைக்கல்லூரியில் கற்பித்தார். 1942இல் கைநெசவும் கல்வியும் பற்றிய நூலையும், 1949இல் ஆசிரியர்க்கான நெசவுக் குறிப்புகளையும் எழுதினார். எழுபது வயதைக் கடந்த ஒருவர் தம் எஞ்சிய ஆற்றலையெல்லாம் பள்ளி ஆசிரியர்க்காகச் செலவிட்டார் என்பதே என்னை மிகவும் கவர்ந்த செய்தி. செல்வர் வாங்கும் துணியில் தொடங்கிய அவர் வாழ்வு, சிறுவர் கையில் கொடுக்கும் தக்கிளியில் வந்து நிறைந்தது. 1952 நவம்பர் 18ஆம் நாள், தமது எண்பதாம் வயதில் அவர் காலமானார். டிச்லிங்கில் 1985இல் தோன்றிய அருங்காட்சியகத்தை நிறுவிய இரு சகோதரியருள் ஒருவர் அவரிடம் பணியாற்றிய ஹிலாரி போர்ன். மாணவியே ஆசிரியையின் நினைவைக் காத்தார்.

நம் பாடசாலைகளிலே கைப்பணி என்பது பெரும்பாலும் ஓய்வு நேரத்தை நிரப்பும் பாடமாகவே கருதப்படுகிறது. பரீட்சை நெருங்கினால் முதலில் விடுபடுவது அதுவே. எதெல் அம்மையாரின் வாழ்வு இதற்கு மறுப்பாக நிற்கிறது. பதினாயிரம் சொற்களில் நூலொன்றைக் கற்பித்தாலும் பெறலாகாத ஓர் அறிவை, பத்து முழம் நூல் நூற்கும் பிள்ளை பெறுகிறது. அவசரத்தை அடக்கும் அறிவு அது. அறுந்த இடத்தை மறைக்காமல் சேர்க்கும் அறிவு அது. எம் தாய்மாரும் பாட்டிமாரும் பன்பாய் இழைக்கும்போது விரல்களில் வைத்திருந்ததும் இதே அறிவுதான். அதற்குச் சான்றிதழ் இல்லாமையால் நாம் அதனை அறிவென்று எண்ணவில்லை.

மருதமுனைத் தறிகளின் ஓசை எம் கரைக்குப் பெருமை. ஆயினும் இந்நாட்டுக் கைத்தறிகளில் ஏறும் நூலிற் பெரும்பகுதி கடல் கடந்தே வருகிறது. நூலின் விலை ஏறினால் நெசவாளியின் கூலி இறங்குகிறது; நூல் வராவிடின் தறி ஓய்கிறது. நெய்யும் ஊரில் நூற்கும் கை இல்லாமையின் விளைவு இது. கையிராட்டையால் மட்டும் இதனை மாற்றிவிடலாம் என்று நான் சொல்ல வரவில்லை. எதெல் அம்மையாரும் அவ்வாறு சொல்லவில்லை. ஆனால் இழை எங்கிருந்து பிறக்கிறது என்பதையே அறியாத தலைமுறைக்கு, அதனை இழந்தோம் என்ற உணர்வுகூட எழாது.

கலாசாலைகளில் பயிலும் இளம் ஆசிரியர்களுக்கு நான் விடுக்கும் வேண்டுகோள் சிறியது. துணி நூலால் ஆனது என்று பிள்ளைகளுக்குச் சொல்லுமுன், ஒரு தக்கிளியைக் கையிலெடுத்து ஒரு சிட்டம் நூலேனும் நூற்றுப் பாருங்கள். பட்டு கிடைக்காவிட்டால் பருத்தி போதும். குமாரசுவாமியின் நூலைப் புரட்டும்போது அதிலுள்ள படங்களையும் நின்று பாருங்கள். அவற்றை எடுத்த கைகள் படத்தோடு நின்றுவிடவில்லை. படத்திற் கண்டதைக் கற்றுக்கொண்டு, பிறருக்கும் கற்பித்தன.